அத்தானுக்கு ஊற்றிய அளவு

எங்கள் பாரில் சண்டை பெரும்பாலும் மூடியில்தான் தொடங்கும். பிராந்தி பாட்டிலின் சீலைக் குடிக்கிறவன் கண்முன்னால் உடைக்க வேண்டும். திருகும்போது எழும் அந்தச் சின்னச் சத்தம் அவன் காதில் விழவும் வேண்டும். ஏற்கெனவே திறந்த பாட்டிலில் என்ன கலந்திருக்கிறதோ, யார் கலந்தார்களோ என்கிற சந்தேகம் எங்கள் பக்கத்து ஆட்களின் ரத்தத்தில் உண்டு. நான் சேர்ந்த முதல் வாரத்தில், பரிமாறுகிறவர் ஒருவர் அவசரத்தில் கவுண்டரிலேயே மூடியைத் திருகிக் கொண்டுபோய் வைத்துவிட்டார். மேசையில் இருந்தவர்களில் ஒருவன் எழுந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோலி சோடா பாட்டிலை எடுத்து அவர் காதோடு சேர்த்து ஒரு அடி. அந்தப் பாட்டில் கனமானது, உடையவில்லை. காதுதான் கிழிந்து தொங்கியது. அடித்தவன் திரும்ப உட்கார்ந்துகொண்டு, "இப்பம் புதுசு ஒண்ணு கொண்டாரும் வே" என்றான். தரையில் சொட்டியிருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, இன்னொருவர் புதுசு கொண்டுபோய் வைத்தார்.

நான் கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு போ-டையும் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த வேஷத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

பம்பாயில் பெரிய ஹோட்டல் ஒன்றின் பாரில் ஒன்பது வருஷம் காக்டெயில் கலவை போட்டவன் நான். அப்பா இறந்ததும், தொண்ணூறுகளின் நடுவில், அம்மாவுக்குத் துணையாகத் திருநெல்வேலிக்குத் திரும்பினேன். முட்டை வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற சைவக் குடும்பம். "பிள்ளை என்ன செய்யுதான்?" என்று கேட்டவர்களிடம் அம்மா, "ஓட்டல்ல மேனேசரா இருக்கான்" என்று சொல்லிவந்தாள். இந்த பார் இருந்த, ஜங்ஷன் பக்கத்து லாட்ஜின் முதலாளிக்கு என்னைப் பற்றி எப்படியோ தெரிந்து கூப்பிட்டு அனுப்பினார். "டாக்டரு, வக்கீலு, எஞ்சினியரு எல்லாம் வரணும் வே. கோட்டிக்காரப் பயலுவ வந்து மண்டைய உடைச்சுட்டுப் போறது போதும்" என்றார். ஆறு கலவைகளின் பெயர் போட்டு அட்டை ஒன்றும் அச்சடித்துவிட்டோம்.

சாமான்தான் கிடைக்கவில்லை. கலவைக்கு பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சொட்டு வேண்டும். சீமையிலிருந்து வருகிற பாட்டிலுக்கு ஜங்ஷனில் நான் எங்கே போக? நானே செய்தேன். நார்த்தங்காய்த் தோல், நிலவேம்பு, கிராம்பு மூன்றையும் காட்டமான ரம்மில் மூன்று வாரம் ஊறவைத்து, வடிகட்டி, நிறத்துக்கு உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி விட்டேன். அம்மா வீட்டுக்கு வந்திருந்த அக்காதான் நார்த்தங்காயை வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவிக் கொடுத்தாள். "எதுக்குலே இது?" என்றாள். "சர்பத்துக்கு" என்றேன். லேபிள் இல்லாத சின்னக் கறுப்புப் பாட்டிலில் அடைத்து, சொட்டுவிட ஒரு ரப்பர் குழாயும் மாட்டினேன்.

அட்டையில் இருந்ததை ஒருவரும் குடிக்கவில்லை. கலவையைக் கவுண்டருக்குப் பின்னால்தானே போட வேண்டும்? சீல் உடைகிற சத்தமும் கிடையாது, பாட்டிலும் மேசைக்கு வராது. முதல் மாதம் முழுக்க எலுமிச்சை ஜூஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எனக்கு நாலு வயது மூத்தவள். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் வீட்டாருக்கு ஒரு காலத்தில் கால்வாய்ப் பாசனத்தில் வயல் உண்டு. வயல் போய்விட்டது, வீறாப்பு மட்டும் போகவில்லை. கைத்தொழிலில் கெட்டிக்காரர். சாயங்காலமானால் அரை பாட்டில் பிராந்தி. குடித்துவிட்டு வந்து அக்காவை அடிப்பார்.

அக்கா இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற பக்குவத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "குவார்ட்டரோட நின்னா ஏசுதது மட்டும்தாம்லே. அதுக்கு மேல போனாத்தான் கை நீளும்." அன்று அவளுடைய இடது கண் மூடி வீங்கியிருந்தது. தோள்பட்டையில் பெல்ட் பக்கிளின் தடம் சதுரமாகப் பதிந்திருந்தது.

எனக்கு முன்கோபம் அதிகம். அன்றைக்கே பேட்டைக்குப் போய், பட்டறையிலேயே அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விட்டேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. லேத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று நாள் கழித்து அக்காவைப் பார்த்தபோது அவளால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. "நீ வந்து அடிச்சிட்டுப் போயிருத. மிச்சத்த நான்லா வாங்குதேன். இனிமே வராத" என்றாள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. குவார்ட்டருக்குள் நின்றால் கை நீளாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அளந்து ஊற்றுவதுதானே என் தொழில்?

அத்தானிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "வேற கடைக்கு எதுக்கு அத்தான் போறிய? நம்ம கடைக்கு வாங்க. பம்பாய்ல பெரிய மனுசங்க குடிக்கிறத போட்டுத் தாரேன்" என்றேன். மறுநாள் பட்டறைக் கூட்டாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மைத்துனன் கை என்பதால் சீல் உடைகிற சத்தம் கேட்டாக வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

வித்தை சின்னதுதான். நீளமான கிளாஸில் நாற்பது மில்லி பிராந்தி, கருப்பட்டிப் பாகு, எலுமிச்சை, கசப்புச் சொட்டு, சோடா, நிறைய ஐஸ். அந்த நாற்பதில் ஒரு கரண்டியை மட்டும் எடுத்துவைத்து, கடைசியில் கரண்டியின் முதுகு வழியாக மேலே மிதக்கவிட வேண்டும். மூக்குக்கும் முதல் வாய்க்கும் சுள்ளென்று ஏறும். கீழே இருப்பது சர்பத். அத்தான் ஒரு கிளாஸுக்கு அறுபது மில்லி என்று நம்பினார். நாலு கிளாஸ் குடித்தாலும் குவார்ட்டர், அதாவது நூற்றெண்பது மில்லி, தாண்டாது.

கிளாஸ் மெதுவாகக் காலியாக வேண்டுமே, அதற்குக் கதை வைத்திருந்தேன். பம்பாயில் வெள்ளைக்காரர்கள் கேட்பார்கள் என்று படித்து மனப்பாடம் பண்ணியது. எது நிஜம், எது புளுகு என்று யாருக்கும் தெரியாது.

ஆதியில் கலவை என்றாலே நாலு சாமான்தான் அத்தான், என்று தொடங்குவேன். சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்பு. அமெரிக்காக்காரன் அதைக் காலையில் பல் துலக்கின கையோடு குடித்தான். பிற்பாடு கண்டதையும் சேர்த்துக் கெடுத்தார்கள். அப்போது பெரியவர்கள், 'எனக்குப் பழைய மாதிரியே போடு' என்று கேட்டார்கள். அந்தப் 'பழைய மாதிரி'யே ஒரு கலவைக்குப் பெயராகிவிட்டது. கசப்புச் சொட்டைக் கண்டுபிடித்தது தென்னமெரிக்காவில் பட்டாளத்துக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர். சிப்பாய்களின் வயிறு கெட்டுப்போகாமல் இருக்கச் செய்தார். கிம்லெட் என்கிற கலவை கப்பல்காரர்களுடையது. காய்கறி இல்லாமல் ஈறு அழுகிச் செத்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், அதிகாரிகள் அதில் ஜின்னைக் கலந்துகொண்டார்கள். நம் நாட்டு மலேரியாவுக்குப் பயந்து கொய்னா மருந்து குடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், கசப்புத் தாங்காமல் ஜின் சேர்த்ததுதான் ஜின் டானிக்.

பஞ்ச் கதை என்றால் அத்தானுக்கு உயிர். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து. வடக்கே அஞ்சுக்குச் சொல்கிற வார்த்தைதான் அந்தப் பெயர் என்பார்கள். "அப்பம் நம்ம ஊர்ச் சரக்கத்தான் வெள்ளக்காரன் களவாண்டுட்டுப் போயிருக்கான்" என்று மேசையைத் தட்டுவார்.

ஆனால் அவர் விழுந்து விழுந்து சிரித்தது டாம் காலின்ஸ் கதைக்குத்தான். அப்படி ஒரு ஆளே கிடையாது. நியூயார்க்கில் விளையாட்டாக ஒருவன் இன்னொருவனிடம், 'டாம் காலின்ஸ் என்று ஒருத்தன் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து உன்னைக் கேவலமாகப் பேசுகிறான்' என்பான். கேட்டவன் ரத்தம் கொதித்து ஓடுவான். அங்கே போனால், 'இப்போதுதான் அடுத்த கடைக்குப் போனான்' என்பார்கள். இல்லாத எதிரியைத் தேடி ஊர் முழுக்க அலைவான். பார்க்காரர்கள் அந்தப் பெயரில் ஒரு கலவையைப் போட்டு, கேட்டு வந்தவன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

"நம்ம ஊர்ல இப்படிச் சொன்னா கிளாஸ் வராதுலே, அருவாதான் வரும்" என்றார் அத்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சமயத்தில் அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாவது வாரம் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கல்யாண மறுவீட்டுக்கு வைக்கிற சொதியை ஒரு சாதாரண வியாழக்கிழமை மத்தியானம் வைத்திருந்தாள். தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். பரிமாறும்போது அவள் கை நிறைய வளையல் இருந்தது. அதற்கு முன்னால் உடைந்து உடைந்து இரண்டு மூன்றுதான் மிஞ்சியிருக்கும். "அவிய கொறச்சுட்டாவ லே. யாரும் சொல்லல, தானாவே. நேத்து எங்கூட உக்காந்து ரேடியோ கேட்டாவ" என்றாள். காந்திமதி அம்மனுக்குப் புடவை சாத்துவதாக நேர்ந்திருக்கிறாளாம்.

சொல்லியிருக்கலாம். 'அக்கா, தானாக இல்லை' என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொதியை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டேன். எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. ஒரு மனிதனையே கரண்டியால் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆசை யாரை விட்டது? நாற்பதில் தொடங்கியவன் முப்பதுக்கு இறங்கினேன். இரண்டாவது மாதத்தில் பதினைந்துக்கு வந்துவிட்டேன். பல வருஷம் அரை பாட்டில் குடித்த உடம்பு அது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அத்தானுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று. மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்தது. லேத்தில் ஷாஃப்ட் கடையும்போது கை தவறி ஆள்காட்டி விரல் நுனி சீவிக்கொண்டு போனது. ரத்தம் ஊறிய கட்டோடு வந்து உட்கார்ந்து கிளாஸை எடுத்தார். ஐஸ் கடகடவென்று ஆடியது.

"நாலு குடிச்சாலும் ஏற மாட்டேங்குலே" என்றார்.

கூடவே இருந்த கூட்டாளி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடுமருந்து. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சாப்பாட்டிலோ குடிக்கிறதிலோ வைத்துவிடுகிற சாமான். கை நடுங்கும், தூக்கம் வராது, சரக்கு ஏறாது, ஆண்பிள்ளை சாயங்காலம் அடங்கி வீட்டுக்குப் போய் ரேடியோ கேட்பான். எங்கள் பக்கம் படித்தவர்களும் இதை நம்புவார்கள். அத்தானுக்கு ஒவ்வொன்றும் பொருந்தியது.

மறுநாள் சனிக்கிழமை. விளக்குப் போடுகிற நேரம். அத்தான் மேசைக்குப் போகாமல் நேராகக் கவுண்டருக்கு வந்தார். முதலாளி பத்தடி தள்ளிக் கல்லாவில் இருந்தார். மூன்று மேசைகளில் ஆட்கள். முன்பு காதைக் கிழித்தவனும் அதில் ஒருவன்.

"ஒரு கிளாஸுக்கு எவ்வளவுலே ஊத்துத?" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அறுபது அத்தான்."

"நெசமா?"

அளவு குறைத்து ஊற்றினேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை போயிருக்கும். அதைவிட, அந்த மூன்று மேசைகளும் எழுந்திருக்கும். என் கை தானாகப் போய்க் காதைத் தொட்டது. அதுதான் நிஜம். அக்காவை அல்ல, என் காதைத்தான் நினைத்தேன்.

"அம்மை மேல சத்தியமா அறுபது" என்றேன்.

அத்தான் தலையாட்டினார். அப்போது கறுப்புப் பாட்டில் அவர் கண்ணில் பட்டது. எடுத்து முகர்ந்தார். "லேபிள் ஒண்ணும் இல்லையே. எங்கன வாங்குன?"

"வாங்கல அத்தான். வீட்டுல செஞ்சதுதான். வயித்துக்கு நல்லது."

"யாரு செஞ்சா?"

அந்தக் கேள்வியில் ஆபத்து இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. அளவுப் பேச்சு முடிந்ததே என்ற நிம்மதியில், "நான்தான். அக்கா தோலு சீவிக் குடுத்தா" என்றேன்.

பாட்டிலை மெல்ல இருந்த இடத்தில் வைத்தார். அன்று எதுவும் குடிக்காமல் போனார். குடிக்காமல் போகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வெறும் வயிற்றோடு, இடுமருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிற ஆளிடம் கூட்டாளி அவரை அழைத்துப் போயிருக்கிறார். ஆற்றங்கரையோரம் ஏதோ ஒரு ஊர். பச்சிலைச் சாற்றைக் குடிக்கவைத்து, வயிற்றை முழங்கையால் அழுத்தி, பித்தம் வரும்வரை வாந்தியெடுக்க வைத்திருக்கிறார்கள். கடைசியில் மருந்து எடுக்கிறவர் தன் உள்ளங்கையை விரித்து, தலைமுடி சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைக் காட்டியிருக்கிறார். அத்தான் அதை வாழையிலையில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் லாட்ஜுக்கு போன் வந்தது. அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாள். "உங்க அக்காவக் கொல்லுதாவ. ஓடி வாங்க" என்றாள். சமையல்காரரின் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். தெருவில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். கதவு உள்ளே தாழ்ப்பாள். மூன்றாவது உதையில் நாதாங்கி பெயர்ந்தது.

அக்காவின் முடியை அத்தான் இடது கையில் சுற்றியிருந்தார். வலது கையில் பெல்ட். தரையில் பிரித்துப்போட்ட வாழையிலை, அதில் அந்த உருண்டை. அக்காவின் வலது மணிக்கட்டு வளையக்கூடாத பக்கம் வளைந்து தொங்கியது. உதடு கிழிந்து ரத்தம் ரவிக்கையில் இறங்கியிருந்தது. உடைந்த வளையல் துண்டுகள் முழங்கையில் குத்திக்கொண்டு நின்றன. அத்தான் கத்தவில்லை. கணக்கு வாத்தியார் கேட்பதுபோலக் கேட்டார். "எப்பம் வச்ச?" ஒரு அடி. "எதுல வச்ச?" ஒரு அடி. "யாரு குடுத்தா?" ஒரு அடி.

"நான் வைக்கலயே, நான் வைக்கலயே" என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல வேறில்லை.

நான் அவர் பிடரியில் அடித்தேன். விடிந்ததிலிருந்து வாந்தியெடுத்த உடம்பு, முதல் அடியிலேயே விழுந்துவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. மார்பின் மேல் உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். இரண்டு பல் உடைந்து என் விரல் முட்டியில் ஏறின. தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினேன். அவர் கை தடுக்க உயர்ந்து, நடுங்கி, விழுந்தது. அந்த நடுக்கம் நான் கொடுத்தது என்று தெரிந்தும் அடித்தேன். எனக்கு அப்போது அதில் ஒரு ருசி இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"அவ ஒண்ணும் வைக்கல, சவத்து மூதி. நான்தாம்லே தண்ணியா ஊத்துனேன். ரெண்டு மாசமா உனக்குச் சர்பத்துதான் ஊத்துனேன்" என்று கத்தினேன்.

அவர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "பொய் சொல்லாதலே. அம்மை மேலல்லா சத்தியம் பண்ணுன" என்றார்.

என் சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். அக்கா. உடையாத கையால் இழுத்தாள். "விடுலே, செத்துருவாவ" என்றாள்.

மொபெட்டில் அவளால் உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பை இழுத்து நேராக்கும்போது மட்டும் அவள் ஒரு சத்தம் போட்டாள். மாவுக்கட்டுப் போட்டு, உதட்டில் மூன்று தையல் போட்டு, வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நான் கீழே தரையில் உட்கார்ந்தேன். என் விரல் முட்டியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசமும் நீதானாலே?" என்றாள். தையல் போட்ட உதட்டில் வார்த்தை குழறியது.

"ஆமா."

"சொதி வச்ச அன்னைக்கும்?"

"ஆமாக்கா."

முகத்தை எதிர்ச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எனக்காகக் கொறச்சிருக்காவன்னுல்லா நெனச்சேன். கல்யாணம் ஆன இத்தனை வருசத்துல, அவியளுக்கு என்னயப் பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்லே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் இடது கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள். அவள் வாழ்நாளில் யார் மேலும் கைநீட்டியவள் இல்லை. பழக்கமில்லாத கை, அதுவும் இடது கை. பாதி அடி காதில் விழுந்தது.

"கேட்டுக் கேட்டு அடிச்சாவலே. எதுல வச்ச, எதுல வச்சன்னு. நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருந்தா, அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருப்பேன்ல? சொல்லுததுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லாமல்லா நின்னேன்."

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அடித்த கையின் வலியில் அவள் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். பிறகு, என்னைப் பார்க்காமல், அம்மாவை அனுப்பிவைக்கச் சொன்னாள். "நீ வராண்டாம்" என்றாள்.